முன்னாட் படைவீரர் நலமும் அதனை அறிவிக்குங் கடமையும்

தோற்றுவாய்

ஆண்டுதோறும் டிசம்பர்த் திங்கள் 7-ஆம் நாளிற் சிறு கொடியொன்றைச் சட்டையிற் குத்திக்கொண்டு உண்டியலில் ஒரு காசு இடுதல் கல்லூரி மாணவராகிய நம்மிற் பலர்க்கும் பழகிய செயலேயாம். 1949-ஆம் ஆண்டு தொடங்கி நடைபெற்றுவரும் படைவீரர் கொடிநாள் அதுவென்பதையும் பலர் அறிவர். ஆயின், அவ்வுண்டியலில் வீழ்ந்த காசு எங்குச் செல்கின்றது, யார் கையை அடைகின்றது, அடைதற்குரியார் யாவரையும் அடைகின்றதா என்னும் வினாக்களை எழுப்புவார் மிகச் சிலரே. இவற்றுள் இறுதி வினாவே இக்கட்டுரைக்குப் பொருளாயிற்று.

உதவி அமைத்தல் ஒன்று. உதவி உண்டென உரியார்க்கு அறிவித்தல் மற்றொன்று. முன்னது சட்டத்தாலும் பொருளாலும் நிறைவேறும். பின்னதோ ஒருவர் மற்றொருவர் வீட்டு வாயிலுக்கு நடந்து சென்றாலன்றி நிறைவேறாது. முன்னது செம்மையாய் நடந்து பின்னது நடவாதவழி, அவ்வுதவி ஏட்டளவில் நிற்குமேயன்றி உரியார் அடுப்பில் உலையேற்றாது. ஆதலின், அறிவித்தலும் உதவியின் ஒரு கூறே யென்றும், அதற்கும் அரசாங்கத்தார் தனியே பொருள் ஒதுக்குதல் வேண்டுமென்றும், அப்பணியில் மாணவர்க்கும் பங்கு உண்டென்றும் ஈண்டு எடுத்துக்காட்டப் புகுகின்றாம். கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் தியாகதுருகத்தையும், அம்மாவட்டத்தின் மேற்கெல்லையில் ஓங்கி நிற்கும் கல்வராயன் மலையையும் எமது ஆராய்ச்சிக்குச் சான்றிடமாகக் கொள்கின்றாம்.

பண்டை வழக்கு

பூசலில் மாண்ட வீரர்க்குக் கல் நடுதல் தமிழ்நாட்டின் பழைய வழக்கு. கல்லைக் கண்டு தெரிதல் முதலாக அதனை வாழ்த்துதல் ஈறாக அதன் முறைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. கள்ளக்குறிச்சிக்கு வடக்கேயுள்ள செங்கம் வட்டாரத்தில் இத்தகைய நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. எவ்வரசன் ஆட்சியில், எவ்வூர்ப் பூசலில், எவர் பட்டார் என்பன அவற்றிற் பொறிக்கப்பட்டிருக்கக் காணலாம். இறந்தார் குடும்பத்துக்கு விடப்பட்ட நிலத்தை 'நெய்த்தோர்ப்பட்டி' என்றும் 'உதிரப்பட்டி' என்றும் பழங் கல்வெட்டுக்கள் வழங்கும். நெய்த்தோர் என்பதும் உதிரம் என்பதும் குருதியே. குருதி சிந்தினார் பொருட்டு அவர் வழியினர்க்கு விடப்பட்ட நிலம் என்பது கருத்து.

ஈண்டு நாம் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்று உண்டு. அக்கொடையைப் பொறித்தவர் அதனை அரண்மனைப் பண்டாரத்துள் வைத்துப் பூட்டினாரல்லர். ஊரார் கண்காணக் கல்லில் வெட்டினர். வீரன் மனைவி எழுத்தறியாதவளாயினும், அவளுக்குரிய நிலம் இதுவென ஊரார் அறிவர்; அவள் மகன் சிறுவனாயினும், அவன் வளர்ந்தபின் அவனுக்கு எடுத்துரைப்பார் இருப்பர். கொடை எங்கு நின்றதோ அங்கேயே அதன் அறிவிப்பும் நின்றது. இக்காலத்திலோ கொடை அரசாணையில் நிற்கின்றது. அறிவிப்பு வேறோரிடத்தில் தேடப்படுவதாயிற்று.

தியாகதுருகம் என்னும் பெயரிலேயே துருகம், அஃதாவது கோட்டை, இருக்கின்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் நிகழ்ந்த கருநாடகப் போர்களிலும் மைசூர்ப் போர்களிலும் அக்குன்றின்மேற் கோட்டையை ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மைசூர்ப் படையினரும் தமக்குரியதாக்க முயன்றனர். முயன்ற தலைவர் சிலர் பெயர் வரலாற்றில் நிற்கின்றது. அவர்க்காக அக்குன்றில் ஏறியும் வீழ்ந்தும் பட்ட நாட்டுச் சிப்பாய்களின் பெயரோ, அவர் மனைவி மக்கள் பின்னர் என்னாயினர் என்பதோ ஒருவர்க்குந் தெரியாது. அக்காலத்தில் அவர்க்குப் பட்டியல் இல்லை. இக்காலத்திற் பட்டியல் உண்டு, படை எண் உண்டு, நிதியும் உண்டு. இவையெல்லாம் இருந்தும் ஒரு வீரரோ அவர் மனைவியோ மறக்கப்படுவராயின், அது நம் காலத்தின் குறையேயாகும்.

தற்கால ஏற்பாடு

முதலாம் உலகப்போர் முடிந்து படையினர் ஊர் திரும்பியபோது, அவர் நலத்தையும் அவர் குடும்பத்தின் நலத்தையும் கவனித்தற்கு ஒரு சபை வேண்டியதாயிற்று. அவ்வாறு தோன்றிய இந்தியச் சிப்பாய்கள் சபை பின்னர்ப் பெயர் மாறி, 1975-ஆம் ஆண்டு முதல் 'கேந்திரிய சைனிக் போர்டு' என வழங்குகின்றது. இந்தியப் பாதுகாப்பு அமைச்சகத்தில் முன்னாட் படைவீரர் நலத்துக்கெனத் தனித் துறை 2004-ஆம் ஆண்டில் அமைந்தது. நடுவிலுள்ள இச்சபைக்குக் கீழ் மாநிலந்தோறும் ஒரு சபையும், அதன்கீழ் மாவட்டச் சபைகளும் உள்ளன. மாவட்ட ஆட்சியரே மாவட்டச் சபைக்குத் தலைவர். படையிற் பணிபுரிந்து ஓய்வுபெற்றோர் அதன் அலுவலராகவும், ஊர்களுக்குச் சென்று விசாரிக்கும் நல அமைப்பாளராகவும் அமர்த்தப்படுகின்றனர்.

இவ்வலுவலகங்களை நடத்துஞ் செலவு இந்திய அரசாங்கத்தார்க்கும் மாநில அரசாங்கத்தார்க்கும் பொதுவானது. பெரும்பாலான மாநிலங்களில் நூற்றுக்கு 60 பங்கை இந்திய அரசாங்கத்தாரும் 40 பங்கை மாநிலத்தாரும் ஏற்கின்றனர். இது மானியத்தின் ஒரு வகை. ஏழைப் படைவீரர்க்கும் கைம்பெண்டிர்க்கும் நேரே செல்லும் பண உதவி மற்றொரு வகை. அது கொடிநாள் நிதியிலிருந்து வருவது. மாணவர் உண்டியலில் இடுங் காசுக்கும் இவ்வுதவிக்கும் உள்ள தொடர்பு இதனால் விளங்கும்.

உதவிகள் இவை

உதவிகள் பல. அவற்றுள் நம் ஊர்களில் மிகுதியும் பயன்படுவனவும், மிகுதியும் அறியப்படாதனவுமாகிய சிலவற்றை மட்டும் கூறுவாம்.

முதலாவது, முன்னாளில் உபகாரச் சம்பளம் எனப்பட்ட ஓய்வூதியம். படையின் கீழ்நிலைப் பதவியினர் 15 ஆண்டு பணிபுரிந்தால் அதற்கு உரியராவர். படைப்பணியும் சேமப்படைப் பணியும் சேர்ந்து 15 ஆண்டு நிறைந்தவர்க்கும் ஓர் ஓய்வூதியம் உண்டு. பணியின் காரணமாக உடற்குறை எய்தி விலக்கப்பட்டவர்க்கு ஆண்டுக் கணக்குப் பாராமலே ஊதியம் கிடைக்கும். ஓய்வூதியம் பெற்றவர் இறந்தபின் அவர் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் உரியது.

இரண்டாவது, ஓய்வூதியம் பெறாதவர்க்கு உள்ள வறுமைக்கால உதவி. பதினைந்து ஆண்டு நிறையுமுன் வெளிவந்தவர், தமக்கு யாதோர் உரிமையும் இல்லையென்றே வாழ்நாள் முழுதும் எண்ணியிருப்பர். அவ்வெண்ணம் தவறு. ஹவில்தார் பதவியிலும் அதற்குக் கீழும் இருந்து, ஓய்வூதியமின்றி 65 வயது கடந்த ஏழைப் படைவீரரும், அத்தகையார் மனைவியராகிய கைம்பெண்டிரும் மாதந்தோறும் உதவி பெறலாம். அது நெடுநாள் 4,000 ரூபாயாக இருந்தது. 2025-ஆம் ஆண்டு அக்டோபரில் இந்திய அரசாங்கத்தார் அதனை 8,000 ரூபாயாக உயர்த்தி, அவ்வாண்டு நவம்பர் முதல் நாளிலிருந்து வரும் விண்ணப்பங்களுக்கு நடைமுறையாக்கினர். அவ்வாணையாலேயே, முதல் வகுப்பு முதல் பட்டப்படிப்பு வரை பயிலும் பிள்ளைகள் இருவர்க்குத் தலைக்கு மாதம் 1,000 ரூபாயாக இருந்த கல்வியுதவி 2,000 ரூபாயாயிற்று. 50,000 ரூபாயாக இருந்த திருமண உதவி 1,00,000 ரூபாயாயிற்று.

மூன்றாவது, நம் மாணவரை நேரே சார்ந்தது. முன்னாட் படைவீரரின் மக்களுக்காகப் பிரதமர் கல்வி உதவித் திட்டம் 2006-07-ஆம் கல்வியாண்டு முதல் நடைபெறுகின்றது. தொழிற்கல்விப் பட்டப் படிப்புக்களிற் சேர்ந்தோர்க்கு ஆண்டுதோறும் 5,500 உதவிச் சம்பளங்கள் வழங்கப்பெறும். அவற்றிற் பாதி மாணவியர்க்கு உரியன. மாணவர்க்கு மாதம் 2,500 ரூபாயும் மாணவியர்க்கு 3,000 ரூபாயும் என 2019-இல் உயர்த்தினர். நம்முடன் ஒரே பலகையில் அமர்ந்திருப்பாருள் இதற்கு உரியவராயிருந்தும் கேள்வியேபடாதவர் இரார் என்று யாம் துணிந்து சொல்லமாட்டோம்.

நான்காவது, மருத்துவம். ஓய்வூதியரும் குடும்ப ஓய்வூதியம் பெறுவோரும் உறுப்பினராகி மருத்துவம் பெறுதற்குரிய திட்டம் 2003-ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கியது. இவையன்றித் தமிழ்நாட்டரசாங்கத்தார் 2024-ஆம் ஆண்டு விடுதலைநாளில் அறிவித்து 2025-இல் தொடங்கிய 'முதல்வரின் காக்கும் கரங்கள்' என்னும் திட்டத்தால், தொழில் தொடங்க விரும்பும் முன்னாட் படைவீரர் ஒரு கோடி ரூபாய் வரை வங்கிக் கடன் பெறலாம்; முதலில் நூற்றுக்கு 30 பங்கு மானியமும், வட்டியில் நூற்றுக்கு 3 வீதம் மானியமும் உண்டு. சட்ட உதவி வேண்டுவார்க்குச் சைனிக் போர்டு அலுவலகங்களிலேயே இலவசமாக அதனை அளிக்கும் திட்டமொன்றைத் தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவினர் 2025 ஜூலையில் தொடங்கினர்.

அறியாமைக்குக் காரணங்கள்

இத்துணை உதவிகள் இருந்தும் உரியார் சிலரை அவை அடையாமைக்குக் காரணம் யாது? சோம்பலென்று சொல்லிவிடுதல் எளிது, உண்மையன்று.

முதற் காரணம், இடத்தின் மாற்றம். தியாகதுருகத்திலிருந்து 1963-இற் படையிற் சேர்ந்த ஒருவரைக் கருதுவோம். அவர் பிறந்த ஊர் அன்று தென்னார்க்காடு மாவட்டத்தது, தலைநகர் கடலூர். 1993-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் விழுப்புரம் மாவட்டம் பிரிந்தது. அவர் ஊரின் தலைநகர் விழுப்புரமாயிற்று. 2019-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. அவர் வீடோ, வீட்டெதிரே நிற்கும் வேம்போ ஓரடியும் நகரவில்லை. ஆயினும் அவர்க்குரிய மாவட்டம் இருமுறை மாறிற்று. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒரு மாவட்டம், வங்கிப் புத்தகத்தில் ஒரு மாவட்டம், ஆதார் அட்டையில் ஒரு மாவட்டம் என்றிருப்பின், கிழவியாகிய அவர் மனைவி எந்த அலுவலகத்தை நாடுவாள்? மாவட்டம் அண்மையில் வந்தது நன்மையே. ஆயின் அது வந்த செய்தியும் உடன்வருதல் வேண்டும்.

இரண்டாங் காரணம், பத்திரங்கள் பலவிடங்களிற் சிதறிக்கிடத்தல். மதராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்தவரது பதிவேடு நீலகிரியிலுள்ள வெல்லிங்டனில் இருக்கும். மதராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறிஞர் படையினரது பெங்களூரில். பீரங்கிப் படையினரது நாசிக்கில். செய்தித்தொடர்புப் படையினரது ஜபல்பூரில். தரைப்படை ஓய்வூதியத்தைத் தீர்மானிக்கும் அலுவலகம் பிரயாக்ராஜில் உள்ளது. ஓரிடத்தில் 'அம்மாள்' என முடிந்த பெயர் மற்றோரிடத்தில் 'அம்மா' என முடிந்திருந்தால், அவ்வோரெழுத்தின் பொருட்டுக் கடிதங்கள் இந்நகரங்களுக்கிடையே பல திங்கள் அலைதலும் கூடும். கடிதங்களோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் வருவன.

மூன்றாங் காரணம், முறைகளின் மாற்றம். ஓய்வூதியம் முன்னர் வங்கிகளின் வாயிலாகக் கணக்கிட்டுத் தரப்பட்டது. 2021 முதல் 'ஸ்பர்ஷ்' என்னும் கணினி முறைக்கு அது படிப்படியாக மாற்றப்பட்டது. உயிருடன் இருப்பதற்குச் சான்று ஆண்டுதோறும் தருதல் வேண்டும். தவறினால் ஓய்வூதியம் நின்றுபோம். அச்சான்றை விரல் ரேகையால் கணினி வழியே தரும் ஏற்பாடு 2014 நவம்பரில் தொடங்கிற்று. இளையார்க்கு இது சில நிமிட வேலை. விரல் ரேகை தேய்ந்த எண்பது வயதினர்க்கோ, ஒருவர் துணையின்றி ஆகாத வேலை.

நான்காங் காரணம், மானம். படையிற் பழகியவர் கேட்டு வாங்குதலை இழிவாக எண்ணுவர். 'எனக்குப் பென்ஷன் இல்லை' என்று ஒருமுறை மனைவியிடம் சொன்னவர் அதனை மறுமுறை பேசார். அவர் இறந்தபின் அவ்வொரு சொல்லே அவள் அறிந்த சட்டமாகின்றது. மேலே நாம் கருதிய வீரர் சீனப்போரை அடுத்துச் சேர்ந்து, பத்தாண்டிற் பணி முடித்து, ஓய்வூதியமின்றி ஊர் திரும்பி, பின்னர் இறந்தாரெனக் கொள்வோம். அவர் மனைவி இன்று 78 வயதினள். நூறுநாள் வேலைக்குச் செல்லவும் வலியற்றவள். அவளுக்கு மாதம் 8,000, ஆண்டுக்கு 96,000 ரூபாய் உதவி பெறுதற்கு வழி உண்டு. அவள் அதனை அறியாள். விண்ணப்பியாதாரைத் தேடி அவ்வுதவி தானே வருவதில்லை. அரசாங்கத்தார் அவளுக்கு மறுத்தாரல்லர், அவளும் வேண்டாமென்றாளல்லள். இருவர்க்கும் இடையே சொல்வார் ஒருவர் இன்மையே அவள் பட்டினிக்குக் காரணம்.

மலைமேல் நிலை

சமவெளியில் இவ்வாறாயின் மலைமேல் எவ்வாறாம்? கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையமும் கோமுகி அணையும் கடந்து வெள்ளிமலைக்கு ஏறுஞ் சாலை கல்வராயன் மலையின் முதன்மையான வழி. அம்மலையில் மலையாளி எனப்படும் பழங்குடியினர் சிற்றூர்களிற் பரந்து வாழ்கின்றனர். 1976-ஆம் ஆண்டு வரை அம்மலை ஜாகீர்தார்களின் ஆட்சியில் இருந்தது; அதன் பின்னரே அரசாங்கத்தின் நேராட்சி அங்கு முழுதும் எட்டிற்று. தாத்தா காலத்தில் அரசாங்க அலுவலகமென ஒன்றைக் கண்டறியாத குடியிற் பிறந்தவர்க்கு, விண்ணப்பம் எழுதுதல் நம்மைப்போற் பழகிய செயலன்று. அவருள் ஒருவர் படைக்குச் சென்று மீண்டிருப்பின், அவர் ஊரில் அவரைப்போன்ற மற்றொருவரைக் காண்டல் அரிது. வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை போன்ற, வீட்டுக்கு வீடு படையினர் உள்ள ஊரில் ஒருவர் பெற்ற உதவியை அடுத்த வீட்டார் அன்றே அறிவர். திண்ணைப் பேச்சே அங்கு அறிவிப்பு. தனித்திருக்கும் படைவீரர்க்கு அத்திண்ணை இல்லை. ஆதலின், படைவீரர் குறைந்த இடத்திலேயே அறிவிக்கும் முயற்சி மிகுதியும் வேண்டப்படும். தொகை நோக்கி மட்டும் பணியைப் பங்கிடுவார் இதனை மறந்துவிடுதல் எளிது.

முன்னாளில் தண்டோரா ஊர்தோறுஞ் செய்தி பரப்பிற்று. பறையடிப்போர் மானங் கருதி 2022-இல் தமிழ்நாட்டரசாங்கத்தார் அதனை நிறுத்தும்படி பணித்தனர். அது முற்றும் தக்கதே. ஒலிபெருக்கி பூட்டிய வண்டிகள் அதன் இடத்தில் வந்தன. ஆயின், பொதுவாக ஒலிக்குஞ் செய்தி வேறு; ஒருவர் பெயரைச் சொல்லி அவர் திண்ணையில் அமர்ந்து உரைக்குஞ் செய்தி வேறு.

பிறநாட்டார் செய்தது

அமெரிக்க ஐக்கிய நாட்டில் முதலாம் உலகப்போரின் வீரர்க்கு 1924-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஊக்கத்தொகை உறுதி செய்யப்பட்டது. உடனே பெற இயலாத அத்தொகையை வேண்டி, வறுமையுற்ற வீரர் பல்லாயிரவர் 1932-இல் வாஷிங்டன் நகரில் வந்து தங்கியதும், படைகொண்டு அவர் துரத்தப்பட்டதும் அந்நாட்டார் மறவாத நிகழ்ச்சி. 1944-இல் அவர் இயற்றிய சட்டம், போர் மீண்ட வீரர்க்குக் கல்வியும் வீட்டுக் கடனும் தந்து அக்களங்கத்தை ஓரளவு நீக்கிற்று.

ஆயினும் உதவி மிகுந்த அந்நாட்டிலும் உரியார் பலர் அரசாங்க அலுவலகத்தை அணுகாமலே இருந்தனர். தற்கொலை புரிந்த முன்னாள் வீரருட் பலர் அரசாங்க மருத்துவத்தின் தொடர்பே இல்லாதவர் என்பது கண்டு அவர் திடுக்குற்றனர். அதன் பயனாக 2020-ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு சட்டஞ் செய்து, ஊர்தோறுமுள்ள பொதுநல அமைப்புக்களுக்கு மானியம் தரத் தொடங்கினர். வீரரைத் தேடிச் செல்லுதல், அவர் துன்பத்தைக் கேட்டல், அவர்க்குரிய உதவிகளிற் சேர்த்துவிடுதல் ஆகியன அம்மானியத்திற்குரிய பணிகள். பார்க்கர் கார்டன் பாக்ஸ் என்னும் படைவீரர் பெயரால் வழங்கும் அம்மானியத்தை 2022-இல் முதன்முறையாக 80 அமைப்புக்கள் பெற்றன. தொகை 5 கோடியே 25 லட்சம் டாலர். ஓர் அமைப்பு ஆண்டுக்கு 7,50,000 டாலர் வரை பெறலாம்.

அந்நாட்டின் செல்வம் நமக்கு இல்லை. அத்தொகையை நாம் வேண்டவும் இல்லை. அவர் கண்ட உண்மையை மட்டும் நாம் கொள்ளலாம். தேடிச் செல்லுதலும் செலவுடையதொரு பணி. அச்செலவுக்கும் கணக்கில் ஓர் இனம் இருத்தல் வேண்டும் என்பதே அவ்வுண்மை. நம் மாவட்டங்களில் நல அமைப்பாளர் ஊர் சுற்றுகின்றனர். ஆட்சியர் குறைகேட்குங் கூட்டங்கள் நடத்துகின்றார். செய்தித்தாள்களில் அறிவிப்பு வருகின்றது. இவை நல்லனவே. ஆயின் கூட்டத்துக்கு வருவோர், கூட்டம் உண்டென அறிந்தோர் மட்டுமே. அறியாதாரிடம் செல்லுதற்குப் பேருந்துக் கட்டணமும், எளிய தமிழில் அச்சிட்ட துண்டுத்தாளும், மலையூர்களுக்கு ஒரு வண்டியும் வேண்டும். இச்சிறு செலவுக்கு மாவட்டந்தோறும் தனி மானியம் அமையுமாயின், பெருநிதிகள் தம் பயனை எய்தும்.

ஒரு தடை கூறுவார் உளர். 'எல்லாம் இணையத்தளத்தில் இருக்கின்றதே. வேண்டுவார் பார்த்துக்கொள்ளலாமே' என்பர். கிணற்றில் நீர் இருக்கின்றது என்பது உண்மையே. கயிறும் குடமும் இல்லாதாள் அதனால் தாகந் தீர்வதில்லை. கைபேசி அலையே எட்டாத மலைச் சிற்றூரில் இணையத்தளம் என்பது ஆழம் மிக்க கிணறன்றோ?

மாணவர் செய்யத்தக்கது

கிறிஸ்து சபையின் தொடக்கக் காலத்திலேயே இத்தகைய குறையொன்று நேர்ந்தது. நாள்தோறும் நடந்த உதவிப் பங்கீட்டில் ஒருசார்க் கைம்பெண்டிர் விடுபட்டனர் என்னும் முறையீடு எழுந்ததையும், அப்போஸ்தலர் அதனை அலட்சியஞ் செய்யாது அப்பணிக்கென்றே எழுவரைத் தெரிந்தெடுக்கச் செய்ததையும் அப்போஸ்தலருடைய நடபடிகள் ஆறாம் அதிகாரத்திற் காண்கின்றோம். உதவி ஆங்கு இல்லாமலில்லை; போய்ச் சேரவில்லை. அதற்குக் கண்ட மருந்து, நடந்து செல்லும் மனிதர்.

நம் மாணவர் அவ்வெழுவர்போல் ஆகலாம். 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தின் முகாம்கள் ஆண்டுதோறும் சிற்றூர்களில் நடைபெறுகின்றன. தேசிய மாணவர் படையினர் சீருடையணிந்து சென்றால், முன்னாட் படைவீரர் அவரை மகிழ்ந்து வரவேற்பர். மேலும், இந்தியத் தரைப்படையின் முதல் இந்தியத் தலைவராகிய கரியப்பா 1953-ஆம் ஆண்டு ஓய்வுபெற்ற ஜனவரி 14-ஆம் நாள் முன்னாட் படைவீரர் நாளாகக் கொண்டாடப்படுகின்றது. அது நமக்குப் பொங்கல் விடுமுறைக் காலம். மாணவர் தத்தம் ஊரில் இருக்கும் நாள். அன்று ஊரிற் பெரியோரை வணங்கச் செல்லும்போதே ஐந்து வினாக்களைக் கேட்டுவரலாம்.

ஒன்று, இவ்வூரிற் படைப்பணி புரிந்தவரோ, அவர் மனைவியரோ யாவர் உளர்? இரண்டு, டிஸ்சார்ஜ் புத்தகமும் மாவட்ட அலுவலகத்தார் தரும் அடையாள அட்டையும் அவரிடம் உள்ளனவா? மூன்று, எல்லாப் பத்திரங்களிலும் பெயரும் பிறந்தநாளும் ஒத்துள்ளனவா. கணவர் பத்திரத்தில் மனைவி பெயர் பதிவாகியுள்ளதா? நான்கு, ஓய்வூதியம் பெறுவாராயின் இவ்வாண்டு உயிர்ச்சான்று தந்தாரா. பெறாதாராயின் 65 வயது கடந்தாரா? ஐந்து, வீட்டிற் பயிலும் பிள்ளைகள் உளரா? இவற்றின் விடைகளைக் கேட்டு, இன்ன உதவிக்கு உரியராகலாம் என எடுத்துரைத்து, மாவட்ட முன்னாட் படைவீரர் நல அலுவலகத்துக்கு வழிகாட்டுதலே மாணவர் பணி. இயலுமாயின் முதல்முறை உடன்சென்று வருதல் மிக நன்று.

செய்யத்தகாதனவும் உண்டு. உதவி கிடைத்தே தீருமென வாக்களித்தல் ஆகாது, தீர்மானிப்பவர் அலுவலர். யாரிடமும் ஒரு காசும் பெறலாகாது. ஆதார் எண்ணையோ, வங்கிக் கணக்கையோ, கைபேசியில் வரும் இரகசிய எண்ணையோ கேட்டல் ஆகாது. ஓய்வூதிய அலுவலகத்தின் பெயரைச் சொல்லித் தொலைபேசியில் அவ்வெண்ணைப் பறித்து முதியோர் பணத்தைக் கவர்வார் பெருகியுள்ள காலம் இது. 'அவ்வெண்ணை எவர் கேட்பினும் சொல்லற்க. யாங்கள் கேட்பினும் சொல்லற்க' என்று உரைத்துவருதலே ஒரு பேருதவியாம்.

முடிவுரை

விடாது சென்று நீதிபதியிடம் முறையிட்ட கைம்பெண் ஒருத்தியின் கதையைச் சுவிசேஷத்திற் படித்திருக்கின்றோம். அவளுக்கு நீதிபதி எங்கிருக்கின்றான் என்பதாவது தெரிந்திருந்தது. தியாகதுருகத்து வீதியிலோ வெள்ளிமலைச் சரிவிலோ வாழும் நம் மூதாட்டிக்கு அதுவும் தெரியாது. நடுகல்லை நட்ட நம் முன்னோர் கொடையோடு செய்தியையும் ஊர்நடுவே நிறுத்தினர். நாமோ கொடியைச் சட்டையிற் குத்திக்கொண்டு, காசை உண்டியலில் இட்டு, கடமை முடிந்ததென வீடு திரும்புகின்றோம்.

வருங் கொடிநாளில் அவ்வாறு திரும்புமுன், நம் தெருவிற் படைக்குச் சென்று மீண்டவர் யார் என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக. எண்ணியபின் அவர் வாயிலுக்குச் செல்வோமாக. அரசாங்கத்தார் அளிக்கும் மானியம் நெடுந்தூரம் கடந்து மாவட்டத் தலைநகர் வரை வந்துவிட்டது. எஞ்சியிருப்பது சிறு தொலைவே. அதனை நடந்து கடத்தல் நம் கால்களுக்கு அரிதன்று.